இட்லிப்பூ, கார்டீனியா குச்சிகள் துளிர்விட்ட பிறகு கருகுகின்றன, ஏன்?

தொட்டிமண்:
வணக்கம். இட்லிப்பூ, கார்டீனியா, நந்தியாவட்டை மூன்றிலும் குச்சி வெட்டி நட்டிருக்கிறேன். நந்தியாவட்டை பிடித்துவிட்டது. மற்ற இரண்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கின்றன, நுனியில் துளிர்கூட எட்டிப் பார்க்கிறது, சரி தேறிவிட்டது என்று நினைக்கும்போது இலை தொங்கிவிடுகிறது, பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து வழவழவென்று இருக்கிறது, வேர் ஒன்றுகூட இல்லை. தோட்டத்து மண்ணோடு தொழுவுரம் கலந்திருக்கிறேன், தினமும் தண்ணீர். செம்பருத்தி இதே மண்ணில் வருகிறதே? ஹார்மோன் பவுடர் வாங்கினால் சரியாகுமா?

கணுக்குச்சி:
துளிரை நம்பாதீங்க. தண்டில் சேர்த்து வைத்திருக்கும் சத்தைக் கொண்டே அது வரும், வேர் வந்ததற்கு அது அடையாளம் இல்லை. இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் செடிகளின் குச்சியை மொட்டையாக நட்டுவிடலாம். என்றும் பசுமையான செடியில் இலை இருந்தே ஆக வேண்டும், ஆனால் அந்த இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், உறிஞ்சிக் கொடுக்க அடியில் வேர் கிடையாது. அதற்காக நாம் மண்ணில் ஊற்றி ஊற்றி அடியை அழுக விடுகிறோம். இலையைச் சுற்றியுள்ள காற்று ஈரமாக இருக்கட்டும், மண் லேசான ஈரத்தோடு காற்றோட்டமாக இருந்தால் போதும். தொழுவுரம் இப்போதைக்கு வேண்டாம். பருமணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி, அல்லது பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் குருணை) கலந்தது. நட்டு ஒரு தடவை தண்ணீர் விட்டு, இலையில் படாதபடி இரண்டு குச்சி ஊன்றி மேலே பாலிதீன் பை கவிழ்த்து மூடுங்க. வெளிச்சம் நிறைய, நேர் வெயில் கூடாது, உள்ளே வெந்துவிடும்.

செம்பருத்தி எந்த மண்ணிலும் வரும், அதை வைத்துக் கணக்குப் போடாதீங்க.

பசுந்தளிர்:
மேலே சொன்னதோடு, எந்தக் குச்சியை வெட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். நுனித்தளிர் வாடிவிடும், பட்டை முற்றியது வேர்விட ரொம்ப யோசிக்கும். வளைத்தால் வளைய வேண்டும், இன்னும் கொஞ்சம் வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அடிப்பக்கம் பச்சை மாறி பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும், அதுதான் பதம். பூவோ மொட்டோ இல்லாத கிளையாகப் பார்த்து, காலையிலேயே 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் நசுக்கிவிடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே மூன்று நான்கு விடுங்கள், பெரிய இலையென்றால் குறுக்கே பாதியாக வெட்டிவிடலாம்.

பவுடர் கட்டாயம் இல்லை, ஆனால் கார்டீனியா மாதிரிச் செடிக்கு உதவும். ஐபிஏ (வேரைத் தூண்டும் ஹார்மோன்) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், தனியே கொஞ்சம் கொட்டித் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிட வேண்டும், அப்பிக்கொண்டால் தண்டையே கெடுக்கும். தேன், இலவங்கப்பட்டைத்தூள் எல்லாம் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கலாம், வேரைத் தூண்டுமென்று அவற்றை நம்ப வேண்டாம்.

நிழல்வலை:
இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதியம் போட்டுவிடலாமே! தாழ்வான கிளையை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகக் கீறி, மண்ணுக்குள் அழுத்தி மேலே கல் வையுங்கள், தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டே இருக்கும், வாடுகிற பேச்சே இல்லை. நாலைந்து செடிக்கு இதுதான் எளிது, வேலி போடும் அளவுக்கு நிறைய வேண்டுமென்றால் குச்சிதான் கட்டுப்படியாகும்.

தொட்டிமண்:
பதியத்தையும் ஒரு பக்கம் போட்டு வைக்கிறேன். பாலிதீனை எப்போது எடுக்கலாம்?

கணுக்குச்சி:
பொதுவாக 6 முதல் 10 வாரம், சில செடிகளுக்கு இன்னும் கூடும். நடுவில் சில நாளுக்கு ஒருமுறை பையைத் தூக்கிக் காற்று விட்டு, உதிர்ந்த இலையைப் பொறுக்கி எடுங்க, பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். பிடுங்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம், பிஞ்சு வேர் அறுந்துவிடும். குச்சியைப் பிடித்து மெல்ல மேலே இழுங்க, விட்டுக்கொடுக்காமல் பிடித்து நின்றால் வேர் வந்தாச்சு. உடனே பையை உருவிவிடாமல் முதலில் ஒரு ஓரத்தைத் திறந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுசாக எடுங்க. தனித் தொட்டிக்கு மாற்றி, புதுத் தழை வந்த பிறகு உரம்.