கண்காட்சி அமைப்பது ஆர்க்கிடெக்ட் வேலையா?
(நாலுகட்டு, கொட்டான், தேக்குத்தூண் என்ற புனைபெயர்களில் மூன்று பேர் பேசிக்கொள்ளும் விவாதம்)

நாலுகட்டு:
காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். பங்காளிகள் கூடிப் பேசி, பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் முகப்பையும் முதல் வளவையும் (உள்முற்றம்) கண்காட்சிக்குத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய பித்தளைச் சாமான், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டிகள், கண்டாங்கிச் சேலைகள். வேலையை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் இழுபறி. ஆர்க்கிடெக்ட் வேண்டும் என்று ஒரு கட்சி, கல்யாண மேடை போடுகிறவரே போதும் என்று இன்னொரு கட்சி.

நான் ஆர்க்கிடெக்ட் என்பதற்காகச் சொல்லவில்லை, கண்காட்சி வடிவமைப்பு கட்டடக்கலையின் ஒரு கிளைதான். ஆள் எந்த வழியாக வருகிறார், எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்பதைத் தீர்மானிப்பது வேறு யார்? 1929ல் பார்சிலோனா உலகக் கண்காட்சியில் ஜெர்மனிக்காக ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோவும் வடிவமைப்பாளர் லில்லி ரைஷும் அமைத்த கூடத்தில் காட்சிப்பொருள் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. கல்லும் கண்ணாடியும் தண்ணீரும்தான். அடுத்த வருடமே பிரித்துப் போட்டதை 1986ல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். இத்தாலியில் வெரோனா கோட்டை மியூசியத்தில் கார்லோ ஸ்கார்பா சில சிலைகளை வருகிறவருக்கு முதுகு காட்டி நிறுத்தினார். சுற்றிப் போனால்தான் முகம் தெரியும். அந்த நடையைக் கட்டியவர் கட்டடக்கலைஞர்.

கொட்டான்:
அண்ணே, உங்கள் பார்சிலோனா எல்லாம் சரி. நம் ஊர்க் கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்புவதைப் பார்த்ததில்லையா? வெள்ளி எங்கே, பித்தளை எங்கே, எவர்சில்வர் எங்கே, ஒரே மாதிரிப் பாத்திரம் சிறிதிலிருந்து பெரிதாக எப்படிப் போக வேண்டும், சம்பந்தி வீட்டார் உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆச்சி நின்றுகொண்டே கைகாட்டுவார். அவர் எந்தக் காலேஜில் ஆர்க்கிடெக்சர் படித்தார்?

உலகக் கண்காட்சிகளுக்கெல்லாம் முன்னோடியான 1851 லண்டன் கண்ணாடி மாளிகையை வரைந்த ஜோசப் பாக்ஸ்டன் தோட்டக்காரர். நான் காட்சி அமைப்பும் எழுத்துப் பலகையும் செய்து பிழைக்கிறவள். எங்களை ‘கிளை’ என்று சொல்லி உங்கள் மரத்தில் ஒட்டவைக்காதீர்கள்.

நாலுகட்டு:
ஆச்சி பரப்பினார், ஒத்துக்கொள்கிறேன். வளவு இல்லாவிட்டால் எங்கே பரப்புவார்? நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் திறந்த வெளி. சுற்றி வந்து பார்க்கிற வழியை வீடே கொடுத்துவிட்டது.

இன்னொன்று. பிரேசிலில் சாவ் பாவ்லோ கலை அருங்காட்சியகத்தைக் கட்டிய லினா போ பார்டி, 1968ல் ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல், கான்கிரீட் கட்டைகளில் சொருகிய கண்ணாடிப் பலகைகளில் நிறுத்தினார். விவரச் சீட்டு பின்பக்கம்! தொண்ணூறுகளில் அதை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார்கள். 2015ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டடமும் காட்சியும் ஒரே கையால் வந்தவை, பிரித்தால் இரண்டுமே கெடும்.

தேக்குத்தூண்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவரில் யார் ஆணி அடிக்கப் போகிறீர்கள்?

அந்தச் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தது. கான்கிரீட் ஆணி இறங்கினால் கையகலத்துக்குப் பெயர்ந்து விழும், அதே பளபளப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன வருடம் ஒரு வீட்டில் ஸ்டால்காரர்கள் பண்ணியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஆர்க்கிடெக்டும் சளைத்தவர் இல்லை: வேறொரு வீட்டில் அரக்குப் பெட்டியைக் கண்ணாடிக்கூண்டில் வைத்து உள்ளேயே பல்பைப் போட்டிருந்தார்கள். தானே நிற்கிற மரச்சட்டம் செய்து, அடியில் கம்பளித்துண்டு ஒட்டி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கீறாமல் வைக்க வேண்டும். அது தச்சு வேலை.

கொட்டான்:
தேக்குத்தூண் அண்ணே சொன்ன பல்பு விஷயம்தான் முக்கியம். துணிக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் ஆகாது என்பது மியூசியக்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. நடுப்பகலில் வளவில் பல ஆயிரம் லக்ஸ் கொட்டும். சாயம் ஒருமுறை வெளுத்தால் திரும்பாது. நாலுகட்டு கொண்டாடுகிற அந்தத் திறந்த வெளியே கண்டாங்கிக்கு எதிரி.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் அழகு. ஆனால் அங்கே காட்ட வேண்டிய பெரிய விஷயம், பானை ஓட்டில் நகக்கீறல் போலக் கிடக்கும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து. நேர் எதிரே விளக்கு வைத்தால் அது வெறும் ஓடு. பக்கவாட்டில், ஏறக்குறைய ஓட்டைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக வைத்தால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழும், படிக்கலாம். எந்தத் தூணும் வளைவும் இதைச் செய்யாது. இதற்குப் பொருளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள் வேண்டும்.

நாலுகட்டு:
விளக்கை எங்கே வைப்பது என்பதும் கட்டடக்கலைதான்.

கொட்டான்:
அப்படியானால் சமையலும் கட்டடக்கலைதான், அடுப்படியில் நடப்பதால். அண்ணே, 1965ல் நேரு கண்காட்சியை அகமதாபாத் என்.ஐ.டி.யோடு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) சேர்ந்து வடிவமைத்த அமெரிக்க ஈம்ஸ் தம்பதியில் சார்ல்ஸ் ஆர்க்கிடெக்சர் படிப்பைப் பாதியில் விட்டவர், ரே ஓவியர். அதே என்.ஐ.டி.யில் கண்காட்சி வடிவமைப்பு தனிப் படிப்பாகவே வந்துவிட்டது. கிளைக்கு எதற்குத் தனி வேர்?

நாலுகட்டு:
தனிப் படிப்பு வந்தால் உறவு அறுந்துவிடுமா? நகரமைப்புக்கும் தனிப் படிப்பு இருக்கிறது. சரி, சேலையை வளவில் வைக்க வேண்டாம், சுற்றியுள்ள இருட்டு அறைகளுக்குள் வைக்கலாம். பித்தளை வெளியே வெயிலில் மின்னட்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறவருக்குக் கண் பழக நாலடி இடைவெளி வேண்டும், அதைத் தாழ்வாரம் தரும். இந்தக் கணக்கு என்னுடையது, விட்டுத்தர மாட்டேன்.

கொட்டான்:
நாலடி போதாது. அறை வாசலில் ஒரு திரை வையுங்கள். முறைச்சிட்டை (கல்யாணச் சீர்ப் பட்டியல்) ஏதாவது அந்த வீட்டில் மிச்சம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். எந்தச் சாமான் எத்தனை என்று அவர்கள் கையாலேயே எழுதியிருப்பார்கள், விவரப் பலகையை அதிலிருந்தே எடுத்து எழுதுகிறேன். கிளை பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தேக்குத்தூண்:
திரையை எதில் மாட்டுவீர்கள்? வாசல் நிலையில் ஆணி அடிக்க விடமாட்டேன். அப்புறம், வருகிறவர்கள் செருப்பை எங்கே விடுவார்கள் என்று இதுவரை ஒருவரும் பேசவில்லை.