வீடு குளிர்கிறது, கார்ன் ஸ்நேக் தொட்டி சூடாக மாட்டேன் என்கிறது

குளிர்விரல்:
என் கார்ன் ஸ்நேக்குக்கு எட்டு மாதம் ஆகிறது. இரவில் ஹீட்டரை அணைத்துவிடுவோம், விடியும்போது அறை 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கண்ணாடித் தொட்டி, அடியில் ஒரு பக்கம் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), நேராக பிளக்கில் செருகியிருக்கிறேன். தொட்டிச் சுவரில் ஒட்டிய வட்ட மீட்டர் எப்போது பார்த்தாலும் 20, 21தான். போன வாரம் கொடுத்த எலியை மூன்றாம் நாள் கக்கிவிட்டது. இன்னும் பெரிய மேட் வாங்கினால் சரியாகுமா?

சட்டை_உரித்தவன்:
பெரிய மேட் வேண்டாம், முதலில் தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டைத் தாண்டாமல் மேட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. உங்கள் மீட்டர் காட்டுவது அது ஒட்டியிருக்கிற கண்ணாடியின் சூடு, பாம்பு படுத்திருக்கும் இடத்தின் சூடு இல்லை. புரோப் (வயர் நுனியில் சூட்டை அளக்கும் சென்சார்) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை மேட்டுக்கு நேர் மேலே, மரத்தூளை விலக்கிவிட்டு, கண்ணாடித் தரையிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே 30 டிகிரி சுமார் இருக்க வேண்டும், குளிர்ந்த பக்கம் 22லிருந்து 25. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள், இல்லையென்றால் ஒளிவதற்காகவே குளிரில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மரத்தூள் எவ்வளவு ஆழம்? நான்கு விரல் கனம் போட்டிருந்தால் மேலே குளிர்ச்சி, கீழே அடைபட்ட சூடு. பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்குப் போனால் வயிறு வெந்துவிடும். சுட்டால் விலகிவிடும் என்று நம்பாதீர்கள், என் முதல் பாம்பு விலகவில்லை. அடிச்செதில் பழுப்பாகி, இரண்டு முறை சட்டை உரித்த பிறகுதான் தேறியது.

எலி விஷயம்: குறைந்தது 10 நாள், முடிந்தால் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு எலி. மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் போவதுதான் வழி.

ஓரமாய்_உட்கார்ந்தவர்:
14 டிகிரிக்கு இவ்வளவு பதற்றமா? அமெரிக்காவின் தென்கிழக்கில் காட்டிலேயே வாழ்கிற பாம்பு இது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சுருண்டு கிடக்கும்.

சட்டை_உரித்தவன்:
காட்டில் அது வெறும் வயிற்றோடு, மண்ணுக்கடியில் கிடக்கும். இங்கே வயிற்றில் எலி இருக்கிறது. சூடு இல்லாவிட்டால் அது செரிக்காது, உள்ளேயே அழுகும், அப்புறம் வெளியே வரும். அதுவும் குட்டி வேறு. இரவில் 20 வரை இறங்கலாம், அதில் தப்பில்லை.

பழைய_தொட்டி:
கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்காது, அதுதான் பாதிப் பிரச்சினை. பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் வெளியிலிருந்து தெர்மாகோல் அட்டை ஒட்டுங்கள், காற்று போகும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஜன்னலை ஒட்டியோ வெறும் தரையிலோ வைக்காதீர்கள். அப்படியும் காற்று குளிர்ந்தே இருந்தால் மேலிருந்து ஒரு செராமிக் ஹீட்டர், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. உள்ளே மாட்டினால் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம், சும்மா விட்டால் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். வெளிச்சமே வராது என்பதால் இரவிலும் எரியலாம். சூடாகும் கல் என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் புரோப்பை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு தள்ளிவிடும், இல்லை தண்ணீர் கொட்டி புரோப் குளிர்ந்துபோகும், உடனே மேட் இன்னும் சூடாகும். என்ன எண் வைப்பது என்பதை உள்ளே அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரத்தில் வைத்துத் தொட்டி மேல் கம்பளி போட்டுவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, கொரகொர சத்தம், வாயோரம் நுரை வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

குளிர்விரல்:
அளந்து பார்த்தேன். மரத்தூளுக்கு மேலே 23, கீழே கண்ணாடியில் 43! பெரிய மேட் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வயிறு சுத்தமாகத்தான் இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். மேட்டைக் கழற்றிவிட்டேன், தெர்மோஸ்டாட் நாளை வரும், அதுவரை அறை ஹீட்டரை இரவிலும் போட்டு வைக்கிறேன். எலி இரண்டு வாரம் கிடையாது. பசியில் முறைப்பது போல இருக்கிறது, இமையே இல்லாத பிராணி, முறைக்கிறதா தூங்குகிறதா என்று யாருக்குத் தெரியும்.