ஆடி மாசத்தில் கோகுலாஷ்டமியா?

(எங்கள் குடும்பக் குழு, 14 ஆகஸ்ட் 2025, வியாழன் இரவு)

மன்னி: பாட்டி, சனிக்கிழமை சீடைக்கு நாளைக்கே மாவு இடித்து வைக்கட்டுமா? எங்கள் அம்மா போனில் ஒரே சிரிப்பு. "ஆடி முடியறதுக்குள்ள ஸ்ரீ ஜயந்தியா, உங்க ஆத்துல கிருஷ்ணன் குறைமாசமா" என்கிறாள். கோகுலாஷ்டமிக்கு அவர்கள் ஆத்தில் ஸ்ரீ ஜயந்தி என்றுதான் பெயர்.

பாட்டி (குரல் பதிவு, நான் எழுதிப் போடுகிறேன்): எனக்கும் உறுத்தியது. காலண்டரில் 16-ம் தேதி கோகுலாஷ்டமி, பக்கத்திலேயே ஆடி 31 என்று போட்டிருக்கிறது. ஆவணியில்தானே செய்து பழக்கம்?

பெரியப்பா: காலண்டரில் தப்பில்லை. நாம் பார்ப்பது சந்திர மாதம். ஆடி அமாவாசை ஜூலை 24-ல் வந்ததா, மறுநாள் சிராவணம் என்கிற சந்திர மாதம் பிறந்துவிட்டது, அதன் தேய்பிறை அஷ்டமிதான் நமக்குக் கணக்கு, அன்றைக்கு ஆடியா ஆவணியா என்று நாம் கேட்பதில்லை. மன்னியின் அம்மா ஆத்தில் வைஷ்ணவ முறை, சூரியன் சிம்ம ராசிக்குள் வந்திருக்க வேண்டும், அதாவது ஆவணி பிறந்திருக்க வேண்டும். அது 17-ம் தேதிதான். ஒரு நாளில் தவறிப்போய், அடுத்த தேய்பிறைக்குப் போய்விட்டது.

தம்பி (பெங்களூரு): ஒரு நாளுக்கு ஒரு மாசமா!!

மன்னி: அது மட்டும் இல்லை. எங்களுக்குக் கிருஷ்ணன் பிறந்த ரோகிணி நட்சத்திரமும் வேண்டும். இந்த மாதம் ரோகிணி 17 விடிகாலையில்தான் ஆரம்பம், அஷ்டமியோ 16 ராத்திரியே போய்விடுகிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. செப்டம்பர் 14 காலையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதிலும் பாஞ்சராத்திரம், முனித்திரயம், வைகானசம் என்று வைஷ்ணவப் பிரிவுகளைப் பார்த்தால் எங்களுக்குள்ளேயே சில வருஷம் ஒரு நாள் முன்னே பின்னே போகும், அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை 🙏

சித்தி (திருச்சூர்): குருவாயூரிலும் செப்டம்பர் 14தான். இங்கே பெயரே அஷ்டமி ரோகிணி, சிங்க மாதத்தில் (நம் ஆவணி) வர வேண்டும். ஓணம் 5-ம் தேதி, அது முடிந்து ஒன்பதாம் நாள்.

தம்பி: எங்கள் வீட்டுக்காரர் உடுப்பிப் பக்கம். அங்கே கிருஷ்ண மடத்திலும் செப்டம்பர் 14, மறுநாள் விட்டல பிண்டி என்கிற உறியடித் திருவிழாவாம். கன்னடக்காரர்கள் யுகாதி கொண்டாடுகிறவர்கள், சந்திர மாதம்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன். துளு நாட்டில் தமிழ் மாதம் மாதிரி சூரிய மாதமாம்.

அத்திம்பேர் (டெல்லி): இங்கே இன்னும் வேடிக்கை. இவர்களுக்குப் பௌர்ணமியோடு மாதம் முடிந்துவிடும், அதனால் இந்த அஷ்டமியைச் சிராவணம் என்று சொல்லாமல் பாத்ரபதம் என்பார்கள். மாதப் பெயர்தான் வேறு, நாள் நம்முடையதேதான். ஆனால் பக்கத்து வீட்டில் நாளைக்கே விரதம்! 15 ராத்திரி 11.49-க்கு அஷ்டமி வந்துவிடுகிறது, கிருஷ்ணன் பிறந்தது நடுராத்திரி, அப்போது அஷ்டமி இருக்கிற நாள்தான் சரி என்கிறார்கள்.

பெரியப்பா: அதுவும் நியாயம்தான். நாம் சாயங்காலம் விளக்கேற்றிப் பூஜை செய்கிறவர்கள், 16 ராத்திரி 9.30 வரை அஷ்டமி இருக்கிறது, போதும். ஆனால் செப்டம்பர் 14 எனக்கு ஒட்டவில்லை. அது மஹாளய பட்சம், அதன் நடுவில் வரும் மத்யாஷ்டமி வேறு. பித்ருக்களுக்குத் தர்ப்பணம் பண்ணுகிற நாளில் தொட்டில் கட்டுவதா?

மன்னி: பெரியப்பா, ஆடியில் புதுப்பெண்ணை அம்மா ஆத்துக்கு அனுப்பிவிடுகிறோம், ஆடியில் குழந்தை பிறக்க மட்டும் விடலாமா? 😄

பாட்டி (குரல் பதிவு): நன்றாகக் கேட்டாள்!

நான்: ஆனால் போன வருஷம் இந்தக் குழப்பமே இல்லையே?

பெரியப்பா: போன வருஷம் ஆகஸ்ட் 26, ஆவணி 10. குருவாயூரிலும் அன்றுதான். சந்திர வருஷம் 354 நாள், சூரிய வருஷம் 365, அதனால் அஷ்டமி வருஷா வருஷம் பதினொரு நாள் முன்கூட்டியே வந்துவிடும். ரொம்ப நகர்ந்ததும் அதிக மாதம் என்று கூடுதலாக ஒரு சந்திர மாதம் வந்து இழுத்துப் பிடிக்கும். 2023-ல் அதிக சிராவணம் வந்து, அஷ்டமி செப்டம்பர் 6-க்குப் போனது. அடுத்த வருஷமும் அதிக மாதம் உண்டு, நமக்குச் செப்டம்பர் 4. இந்த வருஷம்தான் நகர்ந்து நகர்ந்து ஆடிக்குள் கால் வைத்துவிட்டது.

மன்னி: சரி, அது இருக்கட்டும். மாவு?

பாட்டி (குரல் பதிவு): நாளைக்கே இடித்துவிடு. நன்றாகச் சலி, இல்லாவிட்டால் சீடை வெடித்து மூஞ்சியில் அடிக்கும். வெல்லச்சீடை நான் பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பரில் உன் அம்மாவிடம் சொல்லி எனக்கும் ஒரு டப்பா தட்டை எடுத்து வைக்கச் சொல்லு, காரம் கம்மியாக.