மறு: ‘ரீஸ்கில்லிங்’ - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மாலை வகுப்பு முடித்து வீடு சேரவே ஒன்பதரை ஆகிவிடுகிறது. நேற்று லாஸ்பேட்டை நண்பர் ‘மாற்றுத்திறன் பயிற்சி’ என்று பரிந்துரைத்ததைப் பார்த்ததும், இனி சும்மா இருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை ஏற்கெனவே அச்சடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் பன்னிரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துகிறேன். போன ஆடியில் புது பேட்சுக்கு பிட் நோட்டீஸ் அடித்தோம். ஒரு வேலையில் இருப்பவர் அதை விட்டுக் கணினித் துறைக்கு வரத் தேவையான பயிற்சி, அதாவது ரீஸ்கில்லிங். நானும் நண்பரைப் போலவேதான் யோசித்தேன்: வேறு திறன், எனவே மாற்றுத்திறன். சந்தி சரி, பொருள் சரி. மஞ்சள் தாளில் இரண்டாயிரம் நோட்டீஸ்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு இடது காலில் காலிப்பர். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். பெரியவர் சட்டைப் பையிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்தார். நான்காக மடித்து, உள்ளே அடையாள அட்டையின் ஜெராக்ஸ். “மாற்றுத்திறனாளிகளுக்கு முழுக்க இலவசமா சார், இல்ல பாதிக் கட்டணமா?” என்றார். நான் என்ன சொல்வது? சொல்லில் குறையில்லை ஐயா, என் மண்டையில்தான் குறை என்றா? பையன் டேலி என்ற கணக்கு மென்பொருள் பேட்சில் சேர்ந்தான். கட்டணம் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். மீந்த நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் இன்றும் மாணவர்கள் ஷார்ட்கட் கீ குறித்துக்கொள்கிறார்கள்.

ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி, அரசும் ஊரும் ஏற்றுக்கொண்ட சொல் மாற்றுத்திறனாளி. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கே இன்னொருவரை உட்கார வைக்க முடியாது.

> மறுதிறனாக்கம் என்பதே நேரான சொல். ரீ என்றால் மறு, ஸ்கில் என்றால் திறன், இங் என்றால் ஆக்கம்.

சிதம்பரம் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டு சங்கடம். ஒன்று, ‘மறு’. (தலைப்பில் நானே ‘மறு:’ போட்டிருக்கிறேன், அது மறுமொழி, கணக்கில் சேராது.) மே மாதம் தேர்வு முடிவு வந்த வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். மறுகூட்டல், மறுமதிப்பீடு, மறுதேர்வு. மூன்றுமே மார்க் குறைந்தவன் வீட்டுச் சொற்கள். ‘மறுபயிற்சி’ என்று போட்டால், முதல் பயிற்சியில் கோட்டை விட்டவர்களுக்கு நடத்துவது என்றுதான் படிப்பார்கள். பதினெட்டு வருஷம் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக் கொதிகலன் அழுத்தத்தைக் காதால் கேட்டே சொல்லக்கூடிய ஆள், சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்க என்னிடம் வருகிறார். அவர் எதில் தோற்றார், மறுபடி எழுத?

இரண்டாவது, ‘ஆக்கம்’. தனியார்மயமாக்கம், உலகமயமாக்கம் என்று இந்த அச்சில் வார்த்த சொல் எல்லாமே யாரோ மேலிருந்து நமக்குச் செய்வதாக ஒலிக்கிறது. ஐயா தமிழாசிரியர், அவருக்கே நான் சொல்லத் தேவையில்லை. இது தன்வினை, பிறவினைச் சிக்கல். பெரிய கம்பெனிகள் இந்த ஆங்கிலச் சொல்லைப் பிறவினையாகத்தான் புழங்குகின்றன: இத்தனை ஊழியர்களை ரீஸ்கில் செய்தோம் என்று. என் மாடியில் நடப்பது தன்வினை. சொந்தக் காசு, சொந்தத் தூக்கம் போகிறது. ஆக்குவதற்கு அங்கே வேறு ஆளே கிடையாது.

அப்புறம், ‘நேரான சொல்’ என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இதே கருத்துக்குப் பிரெஞ்சில் என்ன சொல்கிறார்கள் என்று முத்தியால்பேட்டையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கேட்டேன். அவர் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். வீட்டில் பாதிப் பேர் பிரான்சில். வேறு தொழிலுக்கு மாறப் படிப்பது ‘ரெகோன்வெர்சியோன்’, இருக்கிற தொழிலில் இன்னும் தேறுவது ‘பெர்ஃபெக்சியோன்மோன்’, மறந்ததைத் தூசி தட்டுவது ‘ரெசிக்லாஜ்’ என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார். கடைசிச் சொல்லுக்குக் குப்பையை மறுசுழற்சி செய்வது என்றும் பொருளாம், அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மூன்றிலும் திறன் என்ற சொல்லே இல்லை. மாறுகிறாரா, தேறுகிறாரா, புதுக்கிக்கொள்கிறாரா என்று ஆளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் ஆங்கிலச் சொல்லை உடைத்து உடைத்து ஒட்டுவதை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போமே.

ரீஸ்கில்லிங் என்பதற்கு நான் கேட்பது ‘துறைமாற்றப் பயிற்சி’. கொதிகலனிலிருந்து டெஸ்டிங்குக்கு. யாருக்கும் விளக்க வேண்டாம். கொஞ்சம் நீளம்தான், பேச்சில் ‘துறைமாற்றம்’ என்று தானாகச் சுருங்கிவிடும்.

அப்ஸ்கில்லிங், அதாவது இருக்கிற தொழிலிலேயே இன்னும் தேறுவது, அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. ‘திறன் மேம்பாடு’ போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்கில் டெவலப்மென்டுக்கு என்றோ போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தைப் பற்றிய செய்திகளிலும் வரிக்கு வரி அந்தச் சொல்தான். ஒன்றுமே தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பதும் திறன் மேம்பாடுதான். எனக்கு வேண்டியது, ஏற்கெனவே ஒன்றில் கைதேர்ந்தவர் அதன்மேல் இன்னொன்றை ஏற்றிக்கொள்வதற்கான சொல். நெய்வேலி அம்மா சொன்ன ‘திறனுயர்வு’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளிதழ் படிக்கிறவனுக்கு ‘உயர்வு’ என்றதும் பால் விலையும் பஸ் கட்டணமும் கண்ணில் வந்து நிற்கும்.

இதற்கு விடை நான் யோசித்து வந்ததில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் இருபது வருஷமாக டிடிபி பார்க்கும் அக்கா ஒருவர் வகுப்புக்கு வருகிறார். டைப்ரைட்டிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையை ஏழு நிமிஷத்தில் கட்டிவிடுவார், மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரிசை மாறாமல். ஆனால் அவர் கைப்பழக்கம் முழுக்கப் பழைய எழுத்துரு. அதில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் கூழாகிவிடும். யூனிகோடும் கொஞ்சம் வலைப்பக்க வடிவமைப்பும் கற்க வந்தார். முதல் வாரம் நான் வாய் தவறி, “இந்த வயசுல மறுபடியும் படிக்க வந்தீங்களே, பெரிய விஷயம்” என்று சொல்லிவிட்டேன். விசைப்பலகையிலிருந்து கை எடுக்காமலே, “மறுபடியும் இல்ல சார். இருக்கறதுக்கு மேல” என்றார்.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது சொல் தானாக விழுந்தது: மேற்பயிற்சி. மேற்படிப்பு என்று சொல்லாத வீடு இல்லை. அதன் தங்கைதான் இது. மேற்படிப்பு பட்டத்தின் மேல், மேற்பயிற்சி தொழிலின் மேல். ‘மேல்’ என்றால் யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்று பாகூர் தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இங்கே மேல் என்பது உயர்ந்தது என்ற பொருளில் வரவில்லை, ‘கூடுதலாக’ என்ற பொருளில் வருகிறது. மேற்செலவு என்கிறோமே, அது ஒன்றும் உயர்ந்த செலவு இல்லை. மேல்வரும்படி கூட அப்படித்தான், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

சொல்லை உரசிப் பார்க்க நடப்பில் இருக்கும் படிப்புகளை எடுத்துக்கொண்டேன். மத்திய அரசின் 80 மணி நேர சிசிசி படிப்பு மேற்பயிற்சியா? இல்லை. மவுஸ் பிடிப்பதிலிருந்து ஆரம்பிப்பது. அது அடிப்படைப் பயிற்சி. டைப்ரைட்டிங் முடித்தவர்கள் அரசு வேலைக்காக எழுதுகிறார்களே, ஆபீஸ் ஆட்டோமேஷன், நாம் சி.ஓ.ஏ. என்பது? அது மேற்பயிற்சி, தட்டச்சு என்ற திண்ணை இருந்தால்தான் அதில் ஏற முடியும். கணக்கு எழுதுகிற பையன் டேலி கற்பது மேற்பயிற்சி. அவனே பைத்தான் கற்று டேட்டா வேலைக்குப் போனால் துறைமாற்றம். சரியாக வெட்டுகிறது என்றே நினைக்கிறேன். நடுவில் மாட்டிக்கொள்ளும் சில உண்டு. குழந்தை பிறந்து எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுப் பழைய ஜாவா வேலைக்கே திரும்புகிற பெண்ணுக்கு இரண்டும் பொருந்தாது. அவருக்குப் பல்கலைக்கழகத்தார் ஆசிரியர்களுக்கு நடத்தும் ‘புத்தொளிப் பயிற்சி’ என்ற பெயரையே கடன் வாங்கலாம். நல்ல சொல், அங்கேயே அடைந்து கிடக்கிறது.

> கன்டினியூயிங் எஜுகேஷனுக்குத் தொடர்க்கல்வியா, தொடர் கல்வியா, வளர்கல்வியா?

க் வராது. தொடர்கதை, ஊறுகாய், சுடுசோறு வரிசை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இடைவெளியும் வேண்டாம், தொடர்கல்வி. வளர்கல்விக்கு நம் பக்கத்தில் தனி வாசனை உண்டு. அறிவொளி இயக்கம் முடிந்த பிறகு, எழுதப் படிக்கக் கற்றவர்கள் மறந்துவிடாமல் இருக்க ஊர் ஊராக வளர்கல்வி மையம் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். தொடர்கல்விக்கும் ஒரு இடைஞ்சல் உண்டு: அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியதிலிருந்து, எங்கள் மாவட்டத்தில் விட்ட படிப்பைத் தொடர்வது என்றாலே தபாலில் புத்தகம் வருவது என்ற நினைப்பு. வகுப்புக்கு நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

நான் உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில். இந்தத் துறைச் சான்றிதழ்கள் பலவற்றுக்குக் காலாவதி உண்டு. நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ மூன்று ஆண்டுதான் செல்லும். அதற்குள் தேர்வை மறுபடி எழுத வேண்டும், அல்லது அவர்கள் ஒப்புக்கொண்ட பாடங்களைப் படித்து 30 புள்ளி சேர்க்க வேண்டும். கணினி பழுதுபார்ப்பவர்கள் எடுக்கும் காம்ப்டியா ஏ பிளஸுக்கும் மூன்று ஆண்டு, 20 புள்ளி. ரெனியூவல் என்கிறார்கள். நான் வகுப்பில் ‘புதுப்பித்தல்’ என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் வினை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் நாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறோம்; முன்பு வரிசையில் நின்று, இப்போது ஆன்லைனில். அதில் படிக்க ஒன்றும் இல்லை, தேதியை மறக்காமல் இருந்தால் போதும். சிசிஎன்ஏவும் அப்படித்தான் என்று நினைத்து ஒரு மாணவன் கடைசி வாரம் ஏடிஎம் கார்டோடு வந்து நின்றான். எவ்வளவு கட்ட வேண்டும் சார் என்று கேட்டான். முப்பது புள்ளி கட்ட வேண்டும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வைத் திரும்ப எழுதினான்.

இரண்டுக்கும் மூன்று ஆண்டு, இரண்டுக்கும் ஒரே பெயர், செய்ய வேண்டியது மட்டும் வேறு. ‘கற்றுப் புதுப்பித்தல்’ என்று இப்போதைக்குக் கரும்பலகையில் எழுதி ஒப்பேற்றுகிறேன். அது சொல் இல்லை, விளக்கம், எனக்கும் தெரியும். அந்தப் புள்ளிகளைத் ‘தொடர்கல்விப் புள்ளி’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் கிரெடிட் என்கிறார்களே என்று ‘கடன்’ என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே நகையை வைத்துத்தான் வருகிறார்கள்.

> மக்கள் கோர்ஸ், கிளாஸ் என்றுதான் சொல்லப்போகிறார்கள். எதற்கு இந்த வீண் வேலை?

சொல்லட்டுமே, நானும் அப்படித்தான் சொல்கிறேன். பஸ்ஸில்தான் போகிறேன், பேருந்து நிலையத்தில் இறங்குகிறேன். வாயில் ஒன்று, பலகையில் ஒன்று என்று இரண்டும் சண்டை இல்லாமல் இருக்கின்றன. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியல் சொல்லாக்கத்துக்கென்று சங்கம் வைத்த நாளிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டுத்தான் வருகிறது, கணிப்பொறி இளைத்துக் கணினி ஆனதும் இந்தக் கேள்விக்கு நடுவில்தான். எனக்குச் சொல் வேண்டியது நோட்டீஸுக்கும் சான்றிதழுக்கும். அதைக் கையில் வாங்குகிற அக்கா, தான் என்ன செய்தோம் என்று அதிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அந்த அக்காவின் அச்சகத்துக்கே. மேற்பயிற்சி, துறைமாற்றப் பயிற்சி இரண்டுக்கும் இதைவிட நல்லது வைத்திருப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். ‘ரெனியூவல்’ உள்ள வரியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை ஐந்நூறுதான் அடிக்கிறேன்.