கொல்லைக் கதவுக்கு எந்த விளக்கு? பினாங்கிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் வீட்டுக்கு, ஆள் நடமாட்டம் கண்டு தானாக எரியும் விளக்கு வாங்க வேண்டும், எத்தனை வாட்டில் வாங்குவது என்று துபாயிலிருந்து தம்பி கேட்டிருந்தார். பினாங்கில், கெலுகோரிலுள்ள எங்கள் தொடர்வீட்டில் நான்கு ஆண்டுகளாக இவ்விளக்குகளோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். வாட் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடமாட்டத்தை உணரும் சென்சார் எந்தப் பக்கம் பார்க்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பி.ஐ.ஆர். சென்சார். அது தானாக எந்தக் கதிரையும் வீசுவதில்லை. உடலிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி உணர்கிறது. முகப்பிலுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் லென்ஸ் எதிரேயுள்ள பரப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பதால், ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே நடப்பவரை அது உடனே கண்டுகொள்ளும். நேராகத் தன்னை நோக்கி வருபவரை வெகு அருகில் வந்த பின்னரே அறியும். நான் முதலில் கேட்டுக்கு நேர் எதிரே மாட்டினேன். பெட்டியில் 12 மீட்டர் தூரம்வரை உணரும் என்று அச்சிட்டிருந்தும், வருபவர் காரைத் தாண்டி வாசற்படியில் கால் வைக்கும்வரை விளக்கு எரியவில்லை. அதே விளக்கைப் பக்கச் சுவரில், இரண்டரை மீட்டர் உயரத்தில், நடைபாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி மாற்றிய பிறகு, தாழ்ப்பாளை நீக்கி உள்ளே ஓரடி எடுத்து வைத்ததுமே எரிகிறது.

நம் ஊருக்கு வாங்குபவர்கள் வெப்பத்தையும் கருத வேண்டும். சென்சார் அறிவது உடலுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டைத்தான். சித்திரை வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த சுவர் முன்னிரவிலும் சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வேறுபாடு சுருங்கிவிடும். சென்சார் எட்டும் தூரமும் குறையும். ஆகவே நீண்ட கொல்லைக்குச் சக்தி மிகுந்த ஒரே விளக்கை நம்புவதைவிட, கிணற்றடிக்கு ஒன்றும் கொல்லைக் கதவுக்கு ஒன்றுமாகச் சிறியவை இரண்டு போடுவதே நல்லது. ஏர்கான் வெளிப்பெட்டியின் அனல்காற்றும் வெயிலில் காய்ந்து ஆடும் கிளைகளும் அதன் பார்வையில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டின் பின்பக்க விளக்கு பல இரவுகள் காரணமில்லாமல் அணைந்து அணைந்து எரிந்தது. ஓர் இரவு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளொளிக்கு ஈசல் வந்தது, ஈசலுக்குப் பல்லி வந்தது. விளக்குக்குக் கீழேயே இருந்த சென்சார் லென்சின் மேல் பல்லி ஊர்ந்தபோதெல்லாம் விளக்கு மீண்டும் எரிந்தது, மேலும் ஈசலை அழைத்தது. சென்சாரும் விளக்கும் தனித்தனியாக உள்ள வகையை வாங்கி, இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டேன். ஒளியின் நிறத்தைக் குறிக்கப் பெட்டியில் போடும் கெல்வின் கணக்கில், 6500 கெல்வின் வெள்ளொளியை நீக்கி 3000 கெல்வின் மஞ்சளொளியைப் போட்டேன். பூச்சிகள் நன்றாகக் குறைந்தன, தொல்லையும் தீர்ந்தது. மாதம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடைத்துவிடுவது இன்றுவரை என் வழக்கம்.

நுண்ணலைகளை வீசி அசைவை அறியும் மைக்ரோவேவ் சென்சாரும் விற்கிறார்கள். அது கண்ணாடியையும் மெல்லிய பலகைச் சுவரையும் ஊடுருவி உணர்வதால், தெருவில் போகும் மோட்டார்சைக்கிளுக்கும் எரியும். தெருவையொட்டிய வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

வெளிச்சத்துக்கு 10 வாட் எல்.இ.டி. போதும். கண் கூசும் விளக்கின் பின்னே நிற்பவரை நம்மால் பார்க்க முடியாது. ஆகவே விளக்கின் முகத்தைத் தரையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். அண்டை வீட்டுச் சீன மூதாட்டி, தம் படுக்கையறைச் சுவரில் எங்கள் விளக்கு அடிக்கடி பளிச்சிடுவதாகச் சொன்ன பிறகே நான் சாய்த்தேன். அதை அவர் சொல்லும்படி விட்டிருக்கக்கூடாது என்று இன்றும் வருந்துகிறேன்.

மழை நேரே படும் இடத்துக்கு தூசியும் நீரும் உள்ளே புகாமல் காப்பதைக் குறிக்கும் ஐ.பி. 65 தரமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் மலிவாக வாங்கிய ஒன்றில் மூன்றே மாதத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. சூரிய ஒளி விளக்கு மின்வெட்டுக்கு உதவும், ஆனால் மாமர நிழலில் மாட்டினால் சரியாகச் சார்ஜ் ஏறாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பாதீர்கள். பழுதானால் ஊர் வயர்மேன் மாற்றித் தரக்கூடியதை அங்கேயே வாங்குவதுதான் பெற்றோருக்கு வசதி.

மாட்டியதும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கான டைம் திருகைக் குறைந்தபட்சத்தில் வைத்து, எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதற்கான லக்ஸ் திருகைப் பகலிலும் எரியும்படி திருப்பி, ஒருவரை நடக்கவிட்டு எங்கெங்கே எரிகிறது என்று பாருங்கள். பிறகு லக்ஸை இருட்டுக்கு மாற்றி, டைமை மூன்று நான்கு நிமிடங்களாக்குங்கள். கொல்லைக் கழிப்பறைக்குப் போன அம்மா திரும்பும்முன் இருட்டிவிடக்கூடாது. வெளியே சத்தம் கேட்டால் அப்பா படுக்கையிலிருந்தே போடும்படி, சென்சாரைத் தாண்டி விளக்கை நேரடியாக எரியவைக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் அறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் அதுவே முக்கியமாகப் படுகிறது.

கொல்லைப்புறத்தைக் கதவிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் படமெடுத்துத் தம்பி அனுப்பினால், எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று குறித்துத் தருகிறேன்.