பொருள்: ‘நிலைக்கலப்பான்’ வேண்டாம், ‘குழைப்பி’ என்று சொல்லிப் பார்ப்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேக் மாவை அடிக்கவும் ரொட்டி மாவைப் பிசையவும் உதவும் மின்கருவியான ஸ்டேண்ட் மிக்ஸருக்குத் தமிழ்ப் பெயராக நேற்று வந்த இரண்டு பரிந்துரைகளையும் படித்தேன்.

> ஸ்டேண்ட் என்பதற்கு நிலை, மிக்ஸர் என்பதற்குக் கலப்பான். நிலைக்கலப்பான் என்றே வைத்துவிடலாம்.

> உள்ளே சுற்றும் விதத்தைப் பார்த்தால் கோள்கலப்பி பொருந்தும்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லக் கெட்டுப்போன ஒரு கேக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

போன டிசம்பரில் ஏற்காட்டில் இருக்கும் என் சித்திக்கு வால்நட் கேக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி அனுப்பினேன். “வெண்ணெயையும் சர்க்கரையையும் மிக்ஸரில் அடிக்கவும். கடைசியில் வால்நட், முந்திரி சேர்த்து ஒரு சுற்று விடவும்.” கேக் அடை போல வந்தது. மலை உயரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் சேலத்து அளவில் பேக்கிங் பவுடர் போட்டால் கேக் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கிவிடும். ஆனால் சித்தியின் கேக் எழும்பவே இல்லை. தொலைபேசியில் கேட்டபோது விஷயம் வெளிவந்தது. மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கருவியை அவர் ‘மாவு மெஷின்’ என்றே அழைத்துவந்தார். மிக்ஸர் என்று படித்ததும் மிக்ஸி ஜாரை எடுத்துவிட்டார். பருப்பெல்லாம் எண்ணெய் விட்டு ஜாரின் சுவரில் களிம்பாக அப்பிக்கொண்டதாம். தவறு அவருடையதல்ல, நான் எழுதிய சொல்லுடையது.

மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது. பருப்பு நொறுங்கி உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வருவது அதனால்தான். நாம் பெயர் தேடும் கருவி எதையும் வெட்டுவதில்லை. எனவே தமிழ்ச் சொல் முதலில் செய்ய வேண்டிய வேலை, இதை மிக்ஸியிலிருந்து பிரித்துக் காட்டுவது. மிக்சர் என்றால் பலகாரக் கடையில் காராபூந்தியோடு வரும் தின்பண்டம். கலவை என்றால் வீடு கட்டும் இடத்தில் சிமெண்டும் மணலும். கலவை இயந்திரம் என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் கான்கிரீட்தான் நினைவுக்கு வரும். நிலை என்றாலோ வாசல் நிலை.

கோள்கலப்பி என்று எழுதியவர் கருவியை உற்றுப் பார்த்திருக்கிறார். நம் வீட்டு டேபிள்டாப் கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், கற்கள் இடம் மாறா. ஸ்டேண்ட் மிக்ஸரில் கிண்ணம் அசைவதில்லை. அடிக்கும் தண்டு ஒரு கோளைப் போலத் தன்னைத்தானே ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கிண்ணத்துக்குள் எதிர்ப்பக்கமாக வலம் வருகிறது. பொறியியல் நூலுக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். சமையலறையில் நிற்பவருக்கு அது கையின் வேலையைச் சொல்லவில்லை. இந்தக் கருவியே ஒரு கையைப் பார்த்துப் பிறந்ததுதான். ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ரொட்டி மாவை இரும்புக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்த பிறகே 1908-இல் இதை உருவாக்கினார் என்பார்கள். வீட்டுக்கான கருவி கிட்சன்எய்ட் என்ற பெயரில் 1919-இல் வந்தது.

அந்தக் கை செய்வதற்குத் தமிழில் என்ன பெயர்? குழைத்தல். கேக்கில் இது எவ்வளவு முக்கியம் என்று வெண்ணெயைக் கையால் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்க்கரையின் ஓரங்கள் வெண்ணெயைக் கீறிக் கீறி உள்ளே சிறு சிறு காற்றறைகளை உண்டாக்குகின்றன. நான்கைந்து நிமிடங்களில் மஞ்சள் நிறம் வெளுக்கும், கனம் குறையும், கரண்டியில் எடுத்தால் மேகம் போல நிற்கும். வெண்ணெய் 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் இது நன்றாக வரும். சேலத்து மே மாதப் பகலில் அது உருகி எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது. அதனால் நான் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவேன். ஏற்காட்டு டிசம்பரில் சிக்கல் தலைகீழ். கல்லாக இருக்கும் வெண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்க வேண்டும். ஆங்கிலத்தில் கிரீமிங் என்று சொல்லும் இந்த வேலையைக் ‘கிரீமாக்குதல்’ என்று எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. ‘வெளுக்கக் குழைத்தல்’ என்று எழுதினால், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆகவே கருவிக்குக் ‘குழைப்பி’. இணை என்பதிலிருந்து இணைப்பி வந்தது போல. குழைப்பான் என்றால் ‘அவன் குழைப்பான்’ என்றும் படிக்கலாம். அழிப்பான் நிலைத்துவிட்டதே என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் ‘மிக்ஸியில் போடு’ என்று பழகிய நாவுக்குக் ‘குழைப்பியில் போடு’ தடையின்றி வருகிறது. முட்டையை அடிக்கவும் ரொட்டி மாவைப் பிசையவும் இதே கருவிதானே, ஒரு வேலையை மட்டும் பெயரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். அரிவாள்மனையில் நாம் தேங்காயும் துருவுகிறோம்; அரிதல் என்ற ஒரு வேலையின் பெயரே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

உடன் வரும் மூன்று முனைகளுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை என்பது என் கருத்து. தட்டையான முனைக்குத் துடுப்பு. சேலம், தருமபுரிப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டிய வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். மாவு பிசைவதற்குப் பிசைகொக்கி. முட்டை வெண்கருவை நுரைக்க வைக்கும் கம்பிக் கூட்டுக்குக் கம்பி மத்து.

கடைசியாகப் பருப்பைச் சேர்க்கும் கட்டம். மைதா போட்ட பிறகு குழைப்பியை ஓடவிட்டால் பசைத்தன்மை கூடிக் கேக் இறுகிவிடும். கருவியை நிறுத்திவிட்டு, அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலே மெல்லப் புரட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் ஃபோல்டிங் என்று சொல்லும் இதை அப்படியே ‘மடித்தல்’ என்று எழுதுகிறார்கள், மடிப்பது துணியை. “சிறுகை அளாவிய கூழ்” என்று 64-ஆம் குறளில் வரும் சொல்லை எடுத்துக்கொள்ளலாமே! அழுத்தாமல், அடிக்காமல், விரல்கள் புகுந்து புறப்படும் அசைவு அது. ‘வால்நட் சேர்த்து அளாவவும்.’

இங்கே இன்னொன்று. சில குறிப்புகளில் ‘கொட்டைகள் 100 கிராம்’ என்று பார்க்கிறேன். முந்திரிக்கொட்டை என்றால் ஓட்டோடு இருப்பது. அந்த ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். உண்பது பருப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் முந்திரிப் பருப்பு, பாதாம் பருப்பு என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பருப்பு என்றே எழுதுவோம்.

போன வாரம் பழைய குறிப்பை இந்தச் சொற்களால் திருத்திச் சித்திக்கு அனுப்பி, தொலைபேசியில் உரக்கப் படிக்கச் சொன்னேன். குழைப்பி என்ற இடத்தில் ஒரு நொடி நின்று, “மாவு மெஷின்தானே?” என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். துடுப்பு, அளாவவும் இரண்டையும் நிற்காமல் கடந்துவிட்டார். கம்பி மத்து வந்ததும், “தயிர் கடையும் மத்தையா போடச் சொல்கிறாய், கண்ணு?” என்றார்.

அந்த ஒன்று மட்டும் தேறவில்லை. அதற்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். எழுதும்போது ஒரு சமையல் குறிப்பின் முழு வாக்கியத்தில் வைத்தே எழுதுங்கள்; சித்தியிடம் படித்துக் காட்டி விடை சொல்கிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து