கிராஸ்-மோடல் பிளாஸ்டிசிட்டி: ‘புலனிடை நெகிழ்மை’ என்ற சொல்லுக்கான காரணங்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பார்வையையோ கேட்கும் திறனையோ இழந்தவர்களின் மூளையில், அந்தப் புலனுக்கு உரியதாக இருந்த பகுதி பிற புலன்களிலிருந்து வரும் செய்திகளுக்கு இசைந்து இயங்கத் தொடங்குவதையே நரம்பியலார் ‘கிராஸ்-மோடல் பிளாஸ்டிசிட்டி’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொற்களாக நண்பர்கள் முன்வைத்த ‘புலன்பெயர்ச்சி’, ‘புலன் ஈடு’, ‘புலன்கடந்த குழைமை’ ஆகிய மூன்றையும் படித்தேன். மூன்றும் ஓசை நயம் உள்ளவைதாம். எனினும் நிகழ்வு எத்தகையது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் சொல்லைத் தேர்ந்தால், தவறான ஒரு கருத்து சொல்லின் வழியாகவே பரவிவிடும்.

பிறவியிலோ இளவயதிலோ பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் எழுத்தை விரலால் படிக்கும்போது, மூளையின் பின்பக்கமாக உள்ள பார்வைப் புறணி (பார்வைச் செய்திகளைக் கையாளும் மூளை மேலடுக்கு) இயங்குவதை 1996ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு படம்பிடித்துக் காட்டியது. அது வெறும் உடன்நிகழ்வாக இருக்கலாமே என்ற ஐயத்தை மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு நீக்கியது: தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தி அப்பகுதியின் இயக்கத்தைக் குலைத்தபோது, படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுத்துகளைப் பிழையாக உணர்ந்தார்கள். இவற்றையெல்லாம் விட என் மனத்தில் தங்கியது 2000ஆம் ஆண்டில் பதிவான ஒரு பெண்மணியின் நிலை. பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெய்லில் நல்ல தேர்ச்சி பெற்றவருமான அவருக்கு, பக்கவாதத்தால் பார்வைப் புறணி அமைந்துள்ள, மூளையின் இருபுறப் பிடரி மடல்களும் (பின்பகுதிகளும்) பழுதுபட்டன. அதன்பின் பிரெய்ல் புள்ளிகள் மீது விரலை ஓட்டினால் அவருக்கு எழுத்து பிடிபடவில்லை. ஆனால் ஒரு பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பதைத் தொட்டறியும் திறன் அவரிடம் குறையாமல் இருந்தது. ஒளியையே அறியாத பார்வைப் புறணி, அவரது வாசிப்புக்கு இன்றியமையாததாக இருந்திருக்கிறது.

இனி, ‘புலன்பெயர்ச்சி’ ஏன் பொருந்தாது என்பதற்கு வருகிறேன். ‘புலம்பெயர்வு’ என்று வாசகர் பிழைபடப் படிப்பார் என்பது சிறிய தடை. பெயர்ச்சி என்றால் ஒன்று தன் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் குடியேறுவது என்பதே பெரிய தடை. செவித்திறன் அற்ற பூனைகளைக் கொண்டு நரம்பியல் ஆய்வாளர் லோம்பரும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பூனைகள் பார்வையின் ஓரத்தில் தோன்றும் பொருளின் இடத்தை, கேட்கும் பூனைகளைவிடத் துல்லியமாகக் கண்டுகொண்டன. கேட்புப் புறணியில் (ஓசைச் செய்திகளைக் கையாளும் மூளை மேலடுக்கில்) ஒரு குறிப்பிட்ட பகுதியைக் குளிர்வித்து அதன் இயக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தியதும் அந்தக் கூடுதல் திறன் மறைந்தது. கேட்கும் பூனைகளில் அதே பகுதி செய்யும் வேலை, ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இடம் காண்பது. அதாவது இடம் காணும் வேலை அங்கேயே இருக்க, அதற்குச் செய்தி வரும் வழி மட்டும் செவியிலிருந்து கண்ணுக்கு மாறியிருக்கிறது. ஒரு புலன் இன்னொன்றின் நிலத்தைக் கைப்பற்றியது என்ற விளக்கத்தை இது பெரிதும் வலுவிழக்கச் செய்கிறது. 2023இல் நரம்பியலாளர்கள் மேக்கினும் கிராக்கவரும், இவற்றை மூளையின் மறுசீரமைப்பு என்பதே மிகை, முன்பே உள்ளுறைந்திருந்த இணைப்புகள்தாம் வலுப்பெறுகின்றன என்று வாதிட்டார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் நிலைக்கக்கூடிய சொல்லே நமக்குத் தேவை.

‘புலன் ஈடு’ என்பதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். ஈடு என்றால் இழப்பு நேராகிவிட்டது என்று பொருள்படும். காக்ளியர் கருவியை (உள்காதில் அறுவை மூலம் பொருத்தி, கேட்பு நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) குழந்தைக்குப் பொருத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டிய பெற்றோர் இந்தச் சொல்லைப் படித்தால், மூளை தானே ஈடுசெய்துகொள்ளும், பொறுத்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. உண்மை நேர்மாறானது: பிறவியிலேயே செவித்திறன் அற்ற குழந்தைக்கு ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் கேட்புப் பாதை இயல்பை ஒட்டி வளர்கிறது, ஏழு வயதைக் கடந்தால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. (சைகைமொழியைக் குறைத்து மதிப்பதாக இதை யாரும் கொள்ள வேண்டாம். அதுவும் எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.)

‘புலன்கடந்த’ என்ற அடைமொழியைக் கேட்டதும் தமிழருக்கு இறைநிலைதான் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். ‘குழைமை’ குறித்து ஒரு சொல். குயவர் கையில் குழைந்த மண் சூளைக்குப் போனபின் திரும்பாது. ஆனால் பார்வையுள்ளவர்களின் கண்களை ஐந்து நாள் முழுமையாகக் கட்டிவைத்துப் பிரெய்ல் பயிற்றுவித்த ஆய்வில், தொடுகைக்கு இசையத் தொடங்கிய பார்வைப் புறணி, கட்டை அவிழ்த்த ஒரு நாளிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. இந்தத் திரும்புகையையும் நீடித்த மாற்றத்தையும் ஒருசேரத் தாங்கும் சொல் ‘நெகிழ்மை’. மூளை தன் இயக்கத்தையும் இணைப்புகளையும் மாற்றிக்கொள்ளும் தன்மையான நியூரோபிளாஸ்டிசிட்டிக்கு ‘நரம்பு நெகிழ்மை’ என்று எழுதுவோர் ஏற்கெனவே இருப்பதால் குடும்ப ஒற்றுமையும் கிடைக்கிறது.

ஆகவே ‘புலனிடை நெகிழ்மை’ என்று முன்மொழிகிறேன். பொறி என்னாமல் புலன் என்றது, பழுதுபடுவது கண்ணும் செவியுமாகிய பொறிகள், மாற்றம் நிகழ்வதோ அறிதலில் என்பதால். ‘இடைப்புலன்’ என்று முன்பின்னாக மாற்றினால் இரண்டு புலன்களுக்கு நடுவே இன்னொரு புலன் இருப்பதாகிவிடும். ‘புலனிடை’ என்பது ‘புலனின்கண்’ (புலனிடத்தில்) என்றும் பொருள்படுமே என்ற எதிர்வாதம் சரியானதே. தொடரில் வரும்போது அந்த மயக்கம் எழாது என்று நினைக்கிறேன். கண்ணுக்கு மாற்றாகத் தோலின் வழியே படத்தை உணர்த்தும் கருவிகளின் துறைக்குப் ‘புலன் பதிலீடு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். அங்கே பதிலீடு மனிதர் செய்வது, அதனால் பொருந்தும்.

அகராதிக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: “புலனிடை நெகிழ்மை: ஒரு புலனின் வரத்து குறையும்போதோ அறும்போதோ, அதற்குரிய மூளைப்பகுதி பிற புலன்களின் செய்திகளுக்கு இசைந்து இயங்கும் தன்மை.” மாற்றுச் சொல் தருவோர், அதை இந்த வரையறையிலும் மேற்கண்ட பிரெய்ல், பூனை ஆய்வுகளைச் சொல்லும் தொடர்களிலும் பொருத்திக் காட்டி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.